ஊர் மைதானத்தில் மறுபடி பந்து உருள என்ன செய்யலாம்

குமரிக் கடற்கரையில் நீரோடிக்கும் தூத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். கரையோடு மேற்கே நடந்தால் தமிழ்நாடு முடிந்து கேரளத்துப் பொழியூர் வந்துவிடும். அங்கே மலையாளம், இங்கே தமிழ், ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு பக்கமும் ஒரே வேலைதான், கால்பந்து. பொழியூரிலிருந்து மாநிலங்கள் மோதும் சந்தோஷ் டிராபி ஆடப் போனவர்கள் பல பேர். எங்கள் பக்கம் இரவிபுத்தன்துறைக்காரரான மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே என்ற கிளப்புகளுக்கு ஆடி 2019 இல் இந்திய அணிச் சட்டையும் போட்டுவிட்டார். அவருடைய அண்ணன் மைக்கேல் ரெஜினும் பெரிய அணிகளில் ஆடியவர். இப்படிப்பட்ட கரையிலும் சில மைதானங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. எங்கள் ஊர் மைதானம் மூன்று வருடம் அப்படிக் கிடந்தது. அதைத் திரும்ப ஓடவைக்கச் செய்தவற்றை, நாங்கள் சறுக்கிய இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன், உங்கள் ஊருக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆளைத் தேடுங்கள்

மைதானம் காலியாகிவிட்டால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது கம்பம், வலை, மண். எங்களுக்கும் அதுதான் தோன்றியது. ஊரில் வசூல் செய்து இரண்டு பக்கமும் புது கோல் கம்பம் நட்டோம், பெயின்ட் அடித்தோம், பங்குத்தந்தை வந்து ஜெபித்து மந்திரித்தார், முதல் ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். மூன்றாவது வாரம் நான் போனபோது இரண்டு நாய்களும் காயப்போட்ட ஒரு வலையும்தான் இருந்தன.

பிறகு ஒரு கிழவி சொல்லித்தான் விளங்கியது. "அவன் கொச்சிக்குப் போனதுக்குப் பொறவு பிள்ளைகளைக் கூப்பிட ஆளில்லையே மக்கா" என்றார். அவர் சொன்னது எங்கள் கோலி அண்ணனை. ஒரு காலத்தில் ஊருக்கு கோல் காத்தவர், முழங்கால் முட்டு போன பிறகு வலை பின்னும் வேலைக்கு வந்தார். தினமும் நாலரைக்கு வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து பந்துச் சாக்கை எடுத்துக்கொண்டு தெரு வழியாக நடப்பார், அந்தச் சாக்கைப் பார்த்துப் பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இறங்கி வருவார்கள். யாரும் அவரிடம் இந்த வேலையைக் கொடுத்ததில்லை, அதனாலேயே அவர் போனதும் ஒரு வேலை காலியானது யாருக்கும் தெரியவில்லை. அவர் கொச்சியில் தோப்பும்படியில் படகு வேலைக்குப் போய் மூன்று வருடம் இருந்தார், மைதானமும் சரியாக அந்த மூன்று வருடம்தான் செத்துக் கிடந்தது.

ஆகவே பணம் திரட்டும் முன் ஒரு வாரம் நாலரை மணிக்கு மைதானத்து ஓரம் போய் உட்காருங்கள். யார் முதலில் வருகிறார், யார் கையில் பந்து, ஊசி, பம்பு, அறைச் சாவி, சண்டை வந்தால் பிள்ளைகள் யார் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அப்படி ஒருவர் கண்ணில் பட்டால் பாதி வேலை முடிந்தது. யாரும் இல்லையென்றால் முன்பு யார் இருந்தார் என்று பெரியவர்களிடமும் தாய்மாரிடமும் விசாரியுங்கள், அவர் இப்போது எங்கே, ஏன் வருவதில்லை என்று கேளுங்கள். பல நேரம் காரணம் சின்னது: யாரோ ஒருவர் கூட்டத்தில் கணக்குக் கேட்டு அவமானப்படுத்தியிருப்பார், அல்லது பந்து வாங்க அவர் சொந்தக் காசைப் போட்டுப் போட்டு வீட்டில் சண்டை வந்திருக்கும்.

அவரைத் திரும்ப அழைக்கப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். நாங்கள் போனபோது மூன்று வாக்குக் கொடுத்தோம். பந்துக்கும் பம்புக்கும் அவர் பைசா செலவழிக்கக் கூடாது. வசூலுக்கு அவர் வீடு வீடாக ஏறக் கூடாது, அதற்கு வேறு ஆள். கூட அவரிடம் வேலை பழக ஒரு இளவட்டம் எப்போதும் இருக்க வேண்டும். இந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். ஒரே ஆளை நம்பி இருந்தால் அவர் படகேறும் அன்றைக்கு மைதானமும் படகேறிவிடும், எங்களுக்கு நடந்தது அதுதான்.

நிலம் யாருடையது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். நம் கரையில் மைதானம் என்று நாம் சொல்வது பங்குக் கோயிலின் நிலமாக இருக்கலாம், புறம்போக்காக இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் பட்டாவாகவும் இருக்கலாம். தமிழ்நாடு அரசின் இணையச் சேவைப் பக்கத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து நிலம் யார் பெயரில் என்று காட்டும் அ பதிவேட்டையும், எல்லை காட்டும் புலப்படத்தையும் பார்க்கலாம், சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். புறம்போக்கு என்றால் அதை விளையாட்டு மைதானமாகவே வைத்திருக்க வேண்டும் என்று ஊராட்சியில் தீர்மானம் கேளுங்கள். கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நவம்பர் 1 நம் மாவட்டத்துக்கு வேறு விதத்திலும் பெரிய நாள், 1956 இல் அன்றைக்குத்தான் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நகராட்சிப் பகுதி என்றால் வார்டு உறுப்பினர் வழியாக மன்றத்தில் வையுங்கள். பங்கு நிலம் என்றால் பங்குப் பேரவையில் எழுத்தில் வாங்குங்கள், பங்குத்தந்தை மாறும்போது வாய்ப்பேச்சு கூடவே மாறிப்போகும். தூத்தூர் வட்டாரம் தமிழ்நாட்டில் இருந்தாலும் மறைமாவட்டம் திருவனந்தபுரம் என்பதால் மேலே எழுத வேண்டிய கடிதம் எல்லை தாண்டிப் போகும், நாள் பிடிக்கும், முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

ஒன்று மட்டும்: கடலுக்குப் பக்கத்தில் கான்கிரீட் கேலரி கட்டுவது பற்றி யாராவது ஆசை காட்டினால் நில்லுங்கள். கடல் ஏற்றத்தில் தண்ணீர் வந்து தொடும் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் கட்டினால் இடிக்க வேண்டி வரும். கடல் எங்கள் பக்கமும் பொழியூர் பக்கமும் கரையைத் தின்றுகொண்டே இருக்கிறது என்பது வேறு. உட்கார பனந்தடியும் பழைய வள்ளமும் போதும்.

காலையில் அது கருவாட்டுக் களம்

மைதானத்துக்கு நம்மைத் தவிர வேறு ஆட்களும் உண்டு. எங்கள் மைதானத்தில் காலையில் தாய்மார் நெத்திலியும் சாளையும் காயப்போடுவார்கள், வலைக்காரர்கள் வலை விரிப்பார்கள். கம்பம் நட்ட புதிதில் எங்கள் பையன்கள் இரண்டு பேர் தார்ப்பாயை இழுத்து ஓரம் போட, ஒரு அம்மாவின் அன்றைய உழைப்பு முழுவதும் மணலில் கொட்டியது. அதற்குப் பிறகு ஒரு மாதம் மைதானத்துக்குப் போகும் பிள்ளையை எந்த வீட்டிலும் அனுப்பவில்லை, அது நியாயம்தான்.

பிறகு கோலி அண்ணன் போய்ப் பேசினார். வெயில் இறங்கும் மூன்றரை மணி வரை இடம் அவர்களுடையது, மூன்றரைக்குப் பையன்களே போய்ப் பாயைச் சுருட்டி, மீன் பாத்திரமான சருவத்தை வீட்டு வாசல் வரை தூக்கிக் கொடுப்பது என்று முடிவானது. இன்று மைதானத்துக்கு வெளியாள் யாராவது வண்டி ஏற்ற வந்தால் முதலில் சத்தம் போடுவது அந்த அம்மாக்கள்தான். சின்னப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பிரச்சினை, எல்லாம் அவர்களுக்குத் தெரியும், பயிற்சி கொடுப்பவருக்கு இந்தச் செய்தி ரொம்ப முக்கியம். ஆகவே உங்கள் இடத்திலும் யார் எந்த நேரம் அந்த நிலத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் எழுதிக்கொண்டு, அவர்களிடம் நேரம் கேட்டு வாங்குங்கள், பெரியவர் ஒருவரை அனுப்பிக் கேளுங்கள்.

தரை

கடற்கரை மைதானத்தின் பெரிய ஆபத்து தூண்டில் முள். அறுந்த தங்கூசி என்ற தூண்டில் நரம்போடு மணலில் புதைந்து கிடக்கும், வெறுங்காலில் ஓடும் பிள்ளைக்கு நேராக ஏறிவிடும். சனிக்கிழமை தோறும் பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நிறுத்தி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகக் குனிந்து நடக்கவையுங்கள். கண்டதைக் கையால் தொடாமல் கூப்பிட வேண்டும், பெரியவர் ஒருவர் தகர டப்பாவும் குறடும் கொண்டு போய் எடுக்கட்டும். முள் காலில் ஏறிவிட்டால் இழுக்காதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் எடுத்து, டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள்.

தரை முழுக்கத் தளர்ந்த மணல் என்றால் ஆடுபவர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள், கணுக்கால் பிரளும். செம்மண் பரப்பி, நனைத்து, உருளை இழுத்து இறுக்கலாம், ஆனால் ஒரே நாளில் பத்து லோடு இறக்காதீர்கள். கோல் முன்னால் ஒரு சதுரத்தில் மட்டும் போட்டு ஒரு மழைக்காலம் பாருங்கள், சேறாகி நிற்கிறதா, இறுகி நிற்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் லேசான சரிவு இருக்கட்டும், 100 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற கணக்கில். 60 மீட்டர் அகல மைதானத்தில் நடுப்பகுதி ஓரத்தைவிட 30 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் தண்ணீர் தானே இறங்கிவிடும்.

கோடும் கம்பமும்

பெரிய ஆட்டத்துக்கு விதிப்படி நீளம் 90 முதல் 120 மீட்டர், அகலம் 45 முதல் 90 மீட்டர் வரை போகலாம். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸுக்கு ஒரே அளவு என்று கிடையாது, 60க்கு 40 போதும். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க 6, 8, 10 கணக்கு போதும்: மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 மீட்டர், மறு பக்கம் 8 மீட்டர் குறித்தால் இரண்டுக்கும் குறுக்கே 10 வர வேண்டும். கடைசியில் மூலைவிட்டம் அளந்து பாருங்கள். 60க்கு 40 என்றால் இரண்டு மூலைவிட்டமும் 72 மீட்டர் 11 சென்டிமீட்டர், 90க்கு 60 என்றால் 108 மீட்டர் 17 சென்டிமீட்டர். இதற்குப் படகு நைலான் கயிற்றை எடுக்காதீர்கள், அது இழுபடும், இரண்டு பேர் இரண்டு விதமாக இழுத்தால் கோடு கோணலாகிவிடும், 50 மீட்டர் டேப் கடன் வாங்குங்கள். நடு வட்டத்துக்கு நடுவில் கம்பு நட்டு 9.15 மீட்டர் கயிறு கட்டிச் சுற்றி வாருங்கள்.

கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும், விழுந்த பிள்ளையின் முட்டுக் காயத்திலும் எரியும். கோலப்பொடிக்கு விற்கும் வெள்ளைக் கல்மாவு மலிவு, ஆபத்தும் குறைவு. காற்று அடிக்கும் கரையில் அதுவும் நிற்காது, அங்கே பழைய வலைக்கயிற்றைக் கோட்டின் மேல் இழுத்து, மணலில் ஆழப் புதைத்த மரக்கட்டையில் கட்டிவிடுங்கள். ஆணி மட்டும் அடிக்காதீர்கள்.

கோல் உள் அளவு அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கடற்கரையில் ஒரு விஷயம் பலருக்கும் படுவதில்லை: காற்று கம்பத்தடியில் மணலைக் குவிக்கும், இரண்டு மாதத்தில் உயரம் குறைந்துவிடும், உங்கள் கோலி வளர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வான். ஒரு சவுக்குக் கம்பில் 2.44 வெட்டி வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு முன் நிறுத்திப் பாருங்கள். உப்புக்காற்றில் இரும்புக் குழாய் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும், ஆகவே மாதம் ஒருமுறை அடியில் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேளுங்கள். நகர்த்தும் வகைக் கம்பம் என்றால் மண்ணில் கட்டாமல் ஒரு நிமிடமும் விடக் கூடாது. பிள்ளைகள் குறுக்குக் கம்பத்தில் தொங்குவார்கள், அது சாய்ந்து உயிர் போன சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு. வலைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

பந்தைப் பொறுத்தவரை எட்டு வயதுக்குக் கீழே 3 ஆம் அளவு, பன்னிரண்டு வரை 4, அதற்கு மேல் 5. ஊசியை நனைத்துச் செருகுங்கள், உலர்ந்த ஊசி வாயைக் கிழிக்கும். உப்புத் தண்ணீர் பட்ட பந்தை நல்ல தண்ணீரில் துடைத்து நிழலில் வையுங்கள்.

எந்த மாதம், எந்த நாள்

நம் மேற்குக் கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள், கன்னியாகுமரிக்குக் கிழக்கே உள்ளவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கேரளத்தில் தடை 52 நாள். ஆழ்கடல் போகும் படகுகள் வாரக்கணக்கில், சில சமயம் ஒரு மாதத்துக்கும் மேல் கடலில் இருக்கும், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஊர்த் திருவிழாவுக்கும்தான் எல்லாரும் சேர்ந்து கரையில் இருப்பார்கள். போட்டி நாளை இதை வைத்துக் குறியுங்கள். தகப்பன் பார்க்காத இறுதி ஆட்டம் பிள்ளைக்கு அரை ஆட்டம். தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், ஆனால் அது மழையும் கடல் கொந்தளிப்பும் உள்ள மாதம், தரை வேலைக்கும் சின்னவர்கள் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்க அந்த இரண்டு மாதத்தைவிட நல்ல நேரம் கிடையாது.

பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் போடுங்கள், கூடவே ஒரு அக்கா இருக்கட்டும். 2018 இலும் 2023 இலும் தேசியப் போட்டியை வென்றது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. எங்கள் ஊரில் ஆறு பிள்ளைகளோடு தொடங்கினோம், இப்போது நேரம் போதவில்லை என்று அவர்களே சண்டைக்கு வருகிறார்கள்.

போட்டி வைக்கும்போது

எட்டு அணி என்றால் தோற்றவர் வெளியே என்ற முறையில் ஏழு ஆட்டம், பதினாறு என்றால் பதினைந்து. முதல் வருடம் எட்டுக்கு மேல் போகாதீர்கள். பொழியூர்ப் பக்கத்து அணி ஒன்றையாவது கூப்பிடுங்கள், நடுவரை இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஊரிலிருந்து கொண்டுவாருங்கள். மாற்று ஆட்டக்காரர் எத்தனை, ஆஃப்சைடு உண்டா, சமநிலையானால் என்ன என்பதைப் பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்தால் பாதிச் சண்டை வராது. வரவு செலவு மறுநாளே அதே பலகையில் ஒட்ட வேண்டும், ஒரு சாயா செலவு கூட விடாமல்.

எல்லையில் செல்போன் அக்கரை டவரைப் பிடிக்கும், ஆகவே 108 அழைத்தால் முதல் வார்த்தையாக மாநிலம், மாவட்டம், ஊர், கோயில் பெயர் சொல்லுங்கள். இடி சத்தம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள், தென்னை மரத்தடி வேண்டாம், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். ஐப்பசியில் இது அடிக்கடி வரும்.

மைக் பிடிக்கும் ஆளை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு ஒரு மாமா இருக்கிறார், வலைக்கடைக்காரர், ஆட்டக்காரன் ஒவ்வொருவனையும் அவன் அம்மா பெயரோடு சேர்த்துச் சொல்வார். "இன்னாருடைய மகன் பந்தைக் கொண்டு போகிறான்" என்று அவர் சொல்லும்போது கூட்டத்தில் ஒரு பெண் முந்தானையால் முகத்தைத் துடைப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். தகப்பனைக் கடலில் இழந்த பிள்ளைகள் எங்கள் அணியில் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்தக் கரையில் வீட்டுக்கு வராமல் போனவர்கள் அத்தனை பேர். அவர்கள் பெயரில் கோப்பை வைக்க நினைத்தால் முதலில் அந்த வீட்டுக்குப் போய், மனைவியிடமும் தாயிடமும் கேளுங்கள். சிலர் சரி என்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். எங்களிடம் ஒரு அம்மா இரண்டு வருடம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது வருடம் தானே வந்து பெயரை எழுதிக் கொடுத்தார். பெயரை அவர் எழுதிய மாதிரியே பொறித்தோம்.

இறுதி ஆட்டம் முடிந்த இரவு தோரணம், வெடிக் காகிதம், பந்தல் கம்பி எல்லாம் தரையில் கிடக்கும். விடிந்து பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். லைட்டு கழற்றும் முன் அதே சனிக்கிழமை வரிசையைப் போட்டு, ஜெயித்த அணியும் தோற்ற அணியும் சேர்ந்து குனிந்து நடக்கட்டும், கம்பி, குண்டூசி, உடைந்த பாட்டில் துண்டு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. காலை ஏழு மணிக்கு அம்மாக்கள் சருவத்தோடு வந்து பாய் விரிப்பார்கள்.